அப்பா நின்றிருக்கும் ஒரு படம் வேண்டும்

வணக்கம். என் அப்பா போன வாரம் காலமானார். மதுரை தமுக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். பதினாறாம் நாளுக்குள் அவர் நினைவாகச் சிறு மலர் ஒன்று அச்சிட நினைக்கிறோம். வீட்டில் இருப்பதோ ரேஷன் அட்டைப் படமும், என் கல்யாண ஆல்பத்தில் பாதி முகமும்தான். கேமராவைக் கண்டால் ஓரமாக ஒதுங்குகிற ஆள்.

1959இல் நேரு திறந்துவைத்த இடம் அது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணியின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பேழையைத் துடைக்கும் வேலையை அப்பா பிறரிடம் விட மாட்டார். பழைய மல்துணியை நாலாக மடித்து, பிள்ளைகளின் விரல் தடங்களை ஒவ்வொன்றாக எடுப்பார். "தொட்டுப் பார்க்கத்தானே வருகிறார்கள்" என்பார். அம்மா போன பிறகு, காலையில் எனக்குச் சடை பின்னிவிட்டுத்தான் செல்லூரிலிருந்து சைக்கிளை மிதிப்பார். பின்னல் எப்போதும் இடப்பக்கம் கோணும், அது வேறு கதை.

1980, 90களில் பள்ளிச் சுற்றுலாவாக அங்கே போனவர்கள் பழைய ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு, தோளில் மடித்த துணி. பின்வரிசை ஓரத்தில் நின்றிருக்கலாம். படம் இல்லாவிட்டாலும், அவர் பேசியது நினைவிருந்தால் இரண்டு வரி எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்து அனுப்பினால்கூடச் சரி.