மூன்லைட்: ஐஸ் தண்ணியும் ஞானஸ்நானமும்

ராப்பாடி: 'மூன்லைட்' (2016) படத்தைப் பத்தி இங்க ஒருத்தர் எழுதினதைப் படிச்சு வயித்தெரிச்சல் தாங்கல. படத்தோட நாயகன் ஷைரோன் பள்ளிக்கூடத்துல அடிவாங்கிட்டு வந்து, வாஷ்பேசின்ல ஐஸைக் கொட்டி முகத்தை முக்குறான்ல, அது "ஞானஸ்நானம், மறுபிறப்பு"ன்னு எழுதியிருக்கார். யோவ், மூஞ்சி வீங்கிக் கிடக்கு, ஐஸ் வைக்கிறான். இதுல எங்கய்யா மறுபிறப்பு?

மணிமேகலா: எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், கோச்சுக்க மாட்டேன். படம் பூராவும் தண்ணி. ஷைரோன் சின்னப் பையனா இருக்கும்போது, அவனுக்கு அப்பா மாதிரி இருந்த ஹுவான் கடல்ல தலையைத் தாங்கிப் பிடிச்சு மிதக்கச் சொல்லித் தரான். டீனேஜ்ல அதே மாதிரி ஒரு கடற்கரையில சிநேகிதன் கெவின் பக்கத்துல உக்காந்து, அழுது அழுது சொட்டுச் சொட்டா ஆயிடுவேன் போலன்னு சொல்றான். வேற யார்கிட்டயும் அப்படிப் பேசினவன் இல்ல. அப்புறம் அதே கெவின் கையால அடி. அதுக்கு அடுத்து ஐஸ் தண்ணி. இவ்வளவும் தற்செயலா?

ராப்பாடி: வீக்கம். ஐஸ். அவ்ளோதான்.

மணிமேகலா: படத்தோட மூணாவது, கடைசி பாகத்துல? வளர்ந்து, உடம்பு ஏத்தி, பல்லுல தங்கம் மாட்டி 'பிளாக்'னு திரியறான். கெட்ட கனவு கண்டு எழுந்து மறுபடி முகத்தை ஐஸுக்குள்ள விடறான். அப்ப எங்க வீக்கம்?

ராப்பாடி: தூக்கம் கலையணும்ல. நீங்க மூஞ்சி கழுவுறதே இல்லையா?

கொட்டாவி: ஒரு தகவல். கடல் காட்சியில சின்ன ஷைரோனா நடிச்ச அலெக்ஸ் ஹிபர்ட்டுக்கு நிஜமாவே நீச்சல் தெரியாது. ஹுவானா நடிச்ச மஹெர்ஷலா அலி கேமரா முன்னாடியே கத்துக்கொடுத்தார். புயல் வேற வந்துட்டிருந்ததால அவசர அவசரமா எடுத்தாங்க.

ராப்பாடி: கேட்டுக்கோங்க! நிஜ நீச்சல் வகுப்பு. அதைப் போய் ஞானஸ்நானம்ங்கறாங்க.

மணிமேகலா: கேமராவைப் பாதி தண்ணிக்குள்ள வச்சதும் புயலா? அலை வந்து லென்ஸ்ல அடிக்குது, பாக்கறவனுக்கே மூச்சு முட்டுது. புயல் அவசரத்தைத்தான் தரும், கேமரா கோணத்தைத் தராது.

ராப்பாடி: விளக்கமா சொல்றேன், பொறுமையா படிங்க. உங்க பதிவுல நீலம் நீலம்னு உருகறீங்களே, அது கலரிஸ்ட், அதாவது எடுத்த படத்துக்கு நிறம் சரிசெய்யறவர், வேலை. மூணு பாகத்துக்கும் மூணு கம்பெனி ஃபிலிம் ரோலோட சாயல் கொடுத்தாங்க: முதலாவது ஃபூஜி, ரெண்டாவது அக்ஃபா, மூணாவது கோடக். டிஜிட்டல்ல எடுத்துட்டு அப்படித் தெரியற மாதிரி மாத்தினது. டைரக்டர் பேரி ஜென்கின்ஸும் மூலக்கதை எழுதின மெக்ரேனியும் மயாமியில லிபர்ட்டி சிட்டியில வளர்ந்தவங்க. அந்த ஊர்ல கடல் இருக்கு, படத்துல வருது. எங்க தண்ணி தெரிஞ்சாலும் கும்பிடு போட்டா எப்படி? படத்தோட உயிர் அந்த அடி விழற இடம். பள்ளிக்கூட ரவுடி டெரெல் மிரட்டி, கெவினை விட்டு ஷைரோனை அடிக்க வைக்கறான். கெவின் "எழுந்திருக்காதே, கீழயே கிட"ன்னு கெஞ்சறான். இவன் எழுந்து எழுந்து நிக்கறான். முதல் காதல்னா அதுதான்யா. அதை விட்டுட்டு வாஷ்பேசினைக் கட்டிக்கிட்டு அழறீங்க.

நாடோடிமன்னி: நல்லா சொன்னீங்க சார். ஆனா வாஷ்பேசினைக் கட்டிக்கிட்டு அழறது யாரு? இந்த இழையை ஆரம்பிச்சதே நீங்கதானே?

மணிமேகலா: அக்ஃபா சாயல் வேணும்னு கலரிஸ்ட் தானா முடிவெடுத்தாரா? நிலா வெளிச்சத்துல கறுப்புப் பசங்க நீலமா தெரிவாங்கன்னு கிழவி சொன்னதை ஹுவான் சொல்றாரே, அதுவும் கலரிஸ்ட் எழுதின வசனமா?

ராப்பாடி: அது பாட்டி கதை. நான் பேசறது ஐஸ்.

கொட்டாவி: மெக்ரேனியோட நாடகத் தலைப்பே அந்த வரிதான்.

ராப்பாடி: தம்பி, நீ என் பக்கமா அந்தப் பக்கமா?

நாடோடிமன்னி: இவருக்கு 2017 ஆஸ்கர்ல 'லா லா லேண்ட்'னு தப்பா அறிவிச்சு, அப்புறம் பிடுங்கி 'மூன்லைட்'டுக்குக் கொடுத்த கடுப்பு. அன்னிக்கு ராத்திரி இங்க என்ன எழுதினார்னு எனக்கு ஞாபகம் இருக்கு.

ராப்பாடி: என்ன எழுதினேன்? எடுத்துப் போடுங்க.

நாடோடிமன்னி: நீங்க அழிச்சுட்டீங்களே சார்.

ராப்பாடி: நான் அழிக்கல. நெறியாளர் தூக்கினார். அதுவும் உங்க கோஷ்டி புகார் கொடுத்து. எனக்கு எல்லாம் தெரியும். இப்பவும் சொல்றேன், 'லா லா லேண்ட்'டுக்குக் கொடுத்த அந்த வருஷத்து இசை விருது நியாயமானது.

மணிமேகலா: இசையா? 'மூன்லைட்'டுக்கு இசையமைச்ச நிக்கோலஸ் பிரிட்டெல் வயலின் இசையை இழுத்து, சுருதியை இறக்கி, வேகத்தைக் குறைச்சு வச்சிருப்பாரே, தண்ணிக்கடியில கேக்கற மாதிரி...

ராப்பாடி: வந்துட்டாங்க மறுபடி தண்ணிக்கு! இனி மழை பேஞ்சாலும் ஞானஸ்நானம்னு எழுதுவீங்க.

மணிமேகலா: மூணாம் பாகத்து வீக்கத்துக்கு இன்னும் பதில் வரல.

ராப்பாடி: தூக்கக் கலக்கம்னு சொல்லியாச்சு. தமிழ்லதான் சொன்னேன்.

கொட்டாவி: தூக்கம் கலையப் பச்சைத் தண்ணி போதுமே, எதுக்கு ஐஸ்?

ராப்பாடி: நீ பேசாம இரு. உனக்குத் தனியா இருக்கு. நாடோடிமன்னி, புகார் கொடுத்தது யாருன்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் படத்துக்கு வரலாம்.