நீர்போக உருளைக்கிழங்கில் புடைப்பு: தண்ணீர்க் கோளாறா, மண் சூடா?

கோத்தகிரி மலைத்தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். நீர்போகத்துக்கு, அதாவது பாசனத்தை நம்பிப் போடும் பருவத்துக்கு, ஜனவரி கடைசியில் குஃப்ரி ஜோதி ரக உருளைக்கிழங்கு போட்டேன், முக்கால் ஏக்கர், ஸ்பிரிங்ளர் பாசனம். இன்றைக்கு 78ஆம் நாள். செடி பச்சையாகத்தான் நிற்கிறது. நேற்று மேல் பாத்தியில் நாலு செடியைப் பிடுங்கிப் பார்த்ததும் மனசு விட்டுப்போச்சு. கிழங்கின் நுனிக் கண்ணில் இன்னொரு குட்டிக் கிழங்கு ஒட்டினாற்போலப் புடைத்திருக்கிறது, சிலது இஞ்சி மாதிரி. இரண்டில் நீளவாக்கில் வெடிப்பு. சொறி எதுவும் இல்லை. விதைக்கிழங்கு கோளாறா, நூற்புழுவா? இதற்கு மேல் என்ன செய்யலாம்?

தாளவாடி வெங்காயக்காரர்:
நடுவில் தண்ணீர் நின்றதா அண்ணா? எத்தனையாவது நாளில், எத்தனை நாள்? அதைச் சொன்னால்தான் மற்றது பேச முடியும். நூற்புழு என்றால் செடி குட்டையாகி, வேரில் கடுகைவிடச் சின்னதாக மணி மணியாக இருக்கும். கிழங்கு இப்படிப் புடைக்காது.

கோத்தகிரி மலைத்தோட்டம்:
ஆமாம். 52ஆம் நாள் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. கட்டி வர 13 நாள். வந்த கையோடு, காய்ந்து கிடக்கிறதே என்று இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டினேன். அடுத்த நாளே கோடை மழையும் பிடித்துக்கொண்டது.

தாளவாடி வெங்காயக்காரர்:
அப்போ விதை மேல் பழி இல்லை. கிழங்கு பருக்கிற நேரத்தில் மண் காய்ந்தால் வளர்ச்சி நின்று தோல் முற்றிவிடும். காய்ந்த மண் ஈர மண்ணைவிடச் சீக்கிரம் சூடேறும், அதனால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. திடீரென்று தண்ணீர் கிடைத்ததும் முற்றின தோல் முழுசாக விரியாது. கண் இருக்கிற இடம் மட்டும் திரும்ப வளரும், அதுதான் குட்டி. தோல் தாங்காத இடத்தில் வெடிக்கும். சொறி இல்லை என்பது நல்ல சேதி: கிழங்கு பிடிக்கிற முதல் நாலைந்து வாரம் மண் காய விடவில்லை என்று தெரிகிறது.

ஒரு புடைப்புக் கிழங்கை நீளமாக அறுத்துப் பாருங்கள். தாய்ச்செடியில் ஒட்டியிருந்த முனை கண்ணாடி மாதிரித் தெரிந்தால், அங்கிருந்த மாவு சர்க்கரையாகிக் குட்டிக்குப் போய்விட்டது. அது சிப்ஸுக்கு ஆகாது, வறுத்தால் கறுக்கும்.

வலிகாமம் தோட்டம்:
யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். நாங்கள் கார்த்திகையில நட்டு மாசியில கிண்டுவம். இராக்குளிர் இருக்கிற அந்த மூண்டு மாசத்தை விட்டா எங்கட செம்மண்ணில கிழங்கு இறங்காது. ஒருக்கா நான் பிந்தி நட்டன். கொடி மட்டும் மதமதவெண்டு வளந்துது, கீழ கோலிக்குண்டு அளவுதான். 15இலயிருந்து 20 பாகைக்குள்ள மண் நிண்டாத்தான் நல்லாப் பருக்கும், 30ஐத் தொட்டா கிட்டத்தட்ட நிண்டிடும். உங்கட மலையில காத்து குளிர் எண்டாலும் வெறும் மண்ணில வெயில் விழுற இடம் வேற கணக்கு. தெர்மாமீட்டரை நாலு விரற்கடை ஆழத்தில குத்திப் பாருங்கோ.

கோத்தகிரி மலைத்தோட்டம்:
இரண்டும் செய்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு, கொடி மூடின இடத்தில் 19 டிகிரி. மேல் பாத்தி ஓரத்தில், மண் அணைப்பு சரிந்து வெறுமையாகக் கிடக்கிற இடத்தில் 25. குட்டி போட்டது எல்லாம் அங்கேதான்! அறுத்த ஐந்தில் இரண்டு கண்ணாடி முனை.

இன்னொன்று: கீழ்ப் பாத்தியில் குட்டியே இல்லை, ஆனால் தோல் முழுக்கப் பொரி ஒட்டினாற்போல வெள்ளைப் புள்ளி.

தாளவாடி வெங்காயக்காரர்:
அது நோய் இல்லை, கிழங்கு மூச்சு விடுகிற துளை. மேலிருந்து கசிகிற ஈரம் கீழே தேங்கி, காற்று இல்லாமல் துளை வாய் பிளந்திருக்கிறது. அதன் வழியாக அழுகல் சுலபமாக உள்ளே போகும். கீழ்ப் பாத்திக்கு வடிகால் வெட்டுங்கள், தண்ணீரைக் குறையுங்கள். இரண்டு பாத்திக்கும் ஒரே கணக்கில் ஓட்டவே கூடாது.

மேல் பாத்திக்குக் குறைவாக, அடிக்கடி. நாள் எண்ணி ஓட்டாதீர்கள். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடியுங்கள். உருண்டையாக நின்று உள்ளங்கையில் ஈரம் பட்டால் போதும். உதிர்ந்தால் நேரம் தாண்டிவிட்டது. விரலில் சேறாக அப்பினால் மோட்டாரைத் தொடாதீர்கள். சரிந்த அணைப்பை வேர் அறுபடாமல் ஏற்றி, மேலே காய்ந்த புல்லைப் பரப்புங்கள். காலையில் ஓட்டுங்கள், சாயங்காலம் ஓட்டினால் இலை ராத்திரி முழுக்க நனைந்து கிடந்து கருகல் நோயைக் கூப்பிடும். யூரியா இனி வேண்டாம், குட்டிதான் பெருக்கும்.

கோத்தகிரி மலைத்தோட்டம்:
நாளைக்கு யூரியா போட ஆள் சொல்லியிருந்தேன், இப்போதே நிறுத்திவிட்டேன். அதே ஆளை வைத்து வடிகால் வெட்டுகிறேன். புடைத்ததைத் தனியாகப் பொறுக்கி விற்கலாமா?

வலிகாமம் தோட்டம்:
கறிக்கு உடன விக்கலாம், சேமிப்புக்கு வேண்டாம். கிண்ட 10, 15 நாளைக்கு முன்னம் தண்ணியை நிப்பாட்டி, கொடியை வெட்டி விடுங்கோ, தோல் இறுகட்டும். விதைக்கெண்டு அந்தக் கிழங்கில ஒண்டையும் எடுக்காதேங்கோ.