எதிரலையில் வள்ளம் ஏன் தட்டுது? – அனுபவப் பகிர்வு

நீரோடி, கேள்வி

26 அடி பைபர் வள்ளம், 9.9 எச்.பி. ரெண்டு. தேங்காய்ப்பட்டணத்துல இருந்து தென்மேற்கா விட்டா எதிரலையில அணியம் (வள்ளத்தோட முன்பக்கம்) தூக்கி டம்முனு விழுது. அதே எஞ்சின் போட்ட பூவார் வள்ளம் பக்கத்துலயே அலுங்காமப் போகுது. குறை அடியிலயா, எஞ்சினிலயா?

கொல்லங்கோடு, படகு கட்டுறவர்

ரெண்டுலயும் இருக்கலாம். முதல்ல அளந்து பாருங்க, கண்ணை நம்பாதீங்க.

வள்ளத்தைக் கட்டை வச்சு நேரா நிறுத்துங்க. ஏராவுக்கு (அடியில நீளவாக்குல ஓடுற நடுத்தண்டு) கீழ ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கா வச்சு, நீர்மட்டக் குழாயால மட்டம் பிடிங்க. பக்கச் சுவரும் அடியும் சேருற மூலை (யார்டுல சைன்னு சொல்லுவோம்) அந்தச் சட்டத்துக்கு மேல எத்தனை செ.மீ. நிக்குதுன்னு அளங்க. ஏராவுல இருந்து அந்த மூலைக்கு 70 செ.மீ. அகலம்னு வச்சா அடியோட சரிவுக் கணக்கு இது: 10 செ.மீ. உயரம் வந்தா 8 பாகை, 19 வந்தா 15, 25.5 வந்தா 20, 31 வந்தா 24.

இதை அமரத்துல (பின்பக்கம்) மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க, எல்லாரும் செய்யுற தப்பு அதுதான். மூணு இடம் வேணும்: அமரம், நடு, அப்புறம் அணியத்துல இருந்து மூணுல ஒரு பங்கு பின்னால. 26 அடிக்கு அது எட்டரை அடி. அணியம் தூக்கி விழும்போது முதல்ல தண்ணியில மோதுறது அந்த இடம்தான். அணிய நுனியைக் கத்தி மாதிரி கூர்மையா காட்டிட்டு, எட்டரை அடியில தாம்பாளம் மாதிரி தட்டையா விட்ட மோல்டு நம்ம கரையில நிறைய உண்டு. கரையில நின்னு பாக்க அழகு. கடல்ல அந்தத் தட்டைதான் அறையும்.

காரணம் சுலபம். தட்டை அடி முழுப் பரப்பும் ஒரே நேரத்துல தண்ணியைத் தொடும். வி அடியில ஏரா முதல்ல இறங்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமா பக்கம் நனையும். மோதுற அறை அத்தனை நேரத்துக்குப் பரவிடும். அகலமும் அப்படியே: ஒரே சரிவுள்ள ரெண்டு வள்ளத்துல ஒடுக்கமானது மெதுவா இறங்கும். பூவார் வள்ளத்தோட அகலத்தையும் ஒரு தடவை அளந்து பாருங்க.

வெளிநாட்டு வேகப் படகுல அமரம் வரை 24 பாகை போட்டு ஜெயிச்ச கதை உண்டு. ரே ஹண்ட் வரைஞ்ச அடியோட ‘மாப்பி’ங்கிற படகு 1960-ல மயாமி–நசாவ் பந்தயத்துல கொந்தளிப்பான கடல்ல முதல்ல வந்தது. அதுக்குப் பிறகுதான் டீப்-வின்னு உலகமெல்லாம் ஓடிச்சு. ஆனா அதைத் தண்ணிக்கு மேல தூக்கி ஓட்டுறதுக்கு எஞ்சின் வேற கணக்கு. 20 எச்.பி.க்கு அந்த அடியைக் கேட்டு வந்தா நான் கட்டித் தரமாட்டேன். நின்னு வலை இழுக்கும்போது அது தொட்டில் மாதிரி ஆடும், ஒரு பக்கமா ரெண்டு பேர் நின்னா சாயும்.

குளச்சல், எஞ்சின் மெக்கானிக்

அடியைத் தொடுறதுக்கு முன்னாடி செலவில்லாத நாலு வேலை.

வேகம்: மோதுற விசை வேகத்தோட வர்க்கத்துக்குப் போகும். 10 நாட்டை 7 ஆக்கினா அறை ஏறக்குறைய பாதி. 24 அடி நீர்க்கோட்டு நீளமுள்ள வள்ளம் 6.5 நாட் (மணிக்கு 12 கி.மீ.) வரை தண்ணிக்குள்ளயே போகும், அதைத் தாண்டினா அணியத்தைத் தூக்கிக்கிட்டு தன் அலையிலேயே ஏறப் பார்க்கும். நீங்க சொல்ற தட்டு அந்த இடைப்பட்ட வேகத்துலதான் ரொம்ப வரும். ரெண்டு எஞ்சினும் முழுத் திறப்புல இருக்கும், வள்ளம் முழுசா மேலயும் ஏறாது, கீழயும் இறங்காது.

பாரம்: 35 லிட்டர் மண்ணெண்ணெய் கேன் ஒண்ணு ஏறக்குறைய 28 கிலோ. நாலு கேனையும் எஞ்சின் பக்கம் போட்டு வச்சா 112 கிலோ அமரத்துல. ஐஸ்பெட்டியும் அங்கேயேன்னா அணியம் தூக்காம என்ன செய்யும்? கேன் ரெண்டை நடுவுக்கு முன்னால கட்டி வைங்க. கட்டாம விட்டா உருண்டு இன்னும் ஆபத்து.

டில்ட் பின் (எஞ்சின் சாய்வை மாத்துற ஊசி): எஞ்சின் தாங்கில இருக்கிற துளைகள்ல பின்னை அமரப் பலகைப் பக்கமா ஒரு துளை மாத்துனா அணியம் அமுங்கும். எதிரலைக்கு அது சரி. திரும்பி வரும்போது, அலை பின்னால இருந்து வரும்போது, பழைய துளைக்கே போயிடணும். மறந்துடுவாங்க.

கேவிட்டேஷன் தகடு (எஞ்சின்ல விசிறிக்கு மேல இருக்கிற தட்டு): ஏரா மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே இருக்கணும். அதுக்கு மேல இருந்தா அமரம் தூக்குற நேரம் விசிறி காத்தைக் குடிச்சு எஞ்சின் அலறும்.

பொழியூர்

எல்லாம் சரி அண்ணா, ஆனா கரையில ஏத்துற வள்ளத்துக்கு வி எங்க வைக்குறது? மணல்ல ஏறும்போது கூர்மையான ஏரா ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும், அடுத்த அலை பக்கத்துலயே அடிக்கும். அதனாலதான் நம்ம கரையில தட்டை அடி. விழிஞ்ஞம் மாதிரி துறைமுகத்துல கட்டுறவங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொண்ணு. எதிரலைக்கு நல்ல அணியம் பொழி வாயில (ஆறோ காயலோ கடல்ல சேருற வாய்) எமன். முன்பாதி ஆழமா கூர்மையா, பின்பாதி தட்டையா இருந்தா, பின்னலை அமரத்தைத் தூக்குற நேரம் அணியம் தண்ணியைக் கவ்விப் பிடிச்சுக்கும், அமரம் பக்கவாட்டுல சுத்தும். சுக்கானும் எஞ்சினும் கேக்காது. குறுக்கே விழுந்தா கவிழ்ந்ததுதான். முதலப்பொழியில மணல் திட்டு இருக்கிற வாயில இத்தனை வள்ளம் கவிழ்ந்ததுக்கு அலையோட சேர்ந்து இதுவும் ஒரு காரணம்.

உள்ளே வரும்போது வெளியே நின்னு அலைக்கூட்டத்தை எண்ணுங்க. பெரிய அலைகள் போனதும், கடைசி அலையோட முதுகுல ஏறி, அதோட வேகத்துலயே வாங்க. உச்சியைத் தாண்டி முன்னால இறங்கிடாதீங்க. கேன், ஐஸ் எல்லாம் இப்ப பின்னால போகணும், மெக்கானிக் அண்ணா சொன்னதுக்கு நேர் எதிர். கள்ளக்கடல் நாள்ல இது ரொம்ப முக்கியம்: காத்து இருக்காது, வெளியே கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும், 15 வினாடிக்கு மேல இடைவெளியுள்ள நெடுந்திரை வாயில வந்து ஆள் உயரத்துக்கு உடையும். இன்காய்ஸ் (கடல் நிலை எச்சரிக்கை தர்ற மத்திய அரசு நிறுவனம்) எச்சரிக்கை வந்த நாள் அடி எப்படின்னு யோசிக்க வேண்டாம், வள்ளத்தை இறக்க வேண்டாம்.

நீரோடி

அளந்தாச்சு. எட்டரை அடியில அரை அகலம் 62, உயரம் 14. அமரத்துல 68-க்கு 8. எட்டரை அடியில ஏராவுக்கு மேல வி ஒட்டித் தர்றதா அக்கரையில ஒரு யார்டு சொல்றாங்க. ஒட்டலாமா?

கொல்லங்கோடு, படகு கட்டுறவர்

முன்னால 13 பாகை கூட இல்லை, அமரத்துல 7. நல்ல கரைவள்ளம், அவ்வளவுதான். ஒட்டாதீங்க. இறுகின பாலியெஸ்டர் மேல புதுசு வேதியியலா சேராது, கீறின பரப்பைப் பிடிச்சுத்தான் நிக்கும். தினமும் அறை வாங்குற இடத்துல அந்தப் பிடி முதல்ல ஓரத்துல விடும், தண்ணி உள்ளே போகும், மணல்ல ஏத்துற ஒரு நாள் மொத்தமா உரிஞ்சிடும்.

செய்யவேண்டியது வேற. உள்பக்கம் வங்கு (குறுக்கு விலாச்சட்டம்) ஓரங்கள்ல நட்சத்திரம் மாதிரி விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இருந்தா 36 நம்பர் டிஸ்க்கால நார் தெரியுற வரை தேய்ச்சு, அசிடோன்ல துடைச்சு, விரிசலைச் சுத்தி 6 செ.மீ. சரிவு விட்டு 450 கிராம் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) மூணு அடுக்கு. சதுர மீட்டருக்கு, ஒரு அடுக்குக்கு ரெசின் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கிற மருந்து) ஒண்ணுல இருந்து ஒன்றரை சதவீதம். சீக்கிரம் இறுகட்டும்னு கூட்டினா சூடேறி வெடிக்கும். ஆனியில மழை ஈரத்தோட இந்த வேலை வேண்டாம், நாலு நாள் வெயில் பார்த்துப் பண்ணுங்க.

கூடவே அமரத்துக்கு முன்னால அடியில, ஏராவை விட்டு ஒரு பக்கமா, 2 மீட்டர் நேர்க்குழாயை நீளவாக்குல வச்சுப் பாருங்க. குழாய்க்கும் அடிக்கும் நடுவுல 5 மி.மீ. இடைவெளி தெரிஞ்சா அடி உள்வாங்கியிருக்கு. அது அணியத்தை அமுக்கி வேகத்தைத் தின்னும். குழாய் நடுவுல முட்டி ரெண்டு முனையும் ஆடினா அடி வெளியே பிதுங்கியிருக்கு. எதிரலை இல்லாத நாள்லயும் அணியம் குதிரை மாதிரி ஆடும். கரையில ரெண்டே கட்டை மேல மாசக்கணக்கா நிறுத்தி வச்சா இந்த ரெண்டுல ஒண்ணு வரும். மூணு இடத்துல அகலமான மரம் கொடுங்க.