கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானல்: முதுகுச் சுமையை எப்படிக் குறைப்பது?

வராகநதி:

வணக்கம். பெரியகுளத்தில் வசிக்கிறேன். வரும் ஜனவரியில் என் மைத்துனரும் நானும் மலையடிவாரத்துக் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாகக் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்கு ஏறி, பிறகு பேருந்தில் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் சென்று, அந்தப் பகுதியை நடந்தே பார்த்துவிட்டுத் திரும்ப எண்ணியிருக்கிறோம். வனத்துறையிடம் அனுமதி கேட்டு விண்ணப்பித்துள்ளோம். உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் உடன் வருவார். இரவு தங்க ஊர்களில் வீடு கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று கூடாரத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

என் கவலை எடையைப் பற்றியது. எல்லாவற்றையும் கட்டி வைத்துத் தராசில் நிறுத்தபோது 16 கிலோ வந்தது. வெறும் பை மட்டும் 2.3 கிலோ, கூடாரம் 3.1, ஸ்லீப்பிங் பேக் 1.9, கேஸ் அடுப்பும் பாத்திரமும் 1.4, இரண்டு ஜீன்ஸ் உட்பட உடைகள் 3, தண்ணீர் 3 லிட்டர், மீதி சில்லறைச் சாமான்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் இமயமலைக்கு எழுதப்பட்டவை. எடை குறைந்த வெளிநாட்டுக் கூடாரங்களின் விலையோ எங்கள் சக்திக்கு மீறியது. எதை விட்டுவிடலாம், எதற்குப் பணம் செலவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழனிமலை நடையர்:

நண்பருக்கு வணக்கம். விலை உயர்ந்த எதையும் வாங்காமலே தங்கள் சுமையைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

முதலில் கூடாரத்தையும் அடுப்பையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிக் கூடாரம் அடிப்பதும் தீ மூட்டுவதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் வழிகாட்டிகளுடன் திறக்கப்பட்டதும் அந்தத் தொடர்ச்சியில்தான். ஆகவே தங்குமிடம் கிடைக்குமோ என்ற ஐயத்தை மூன்று கிலோவாக முதுகில் ஏற்றாமல், புறப்படும் முன்பே வழிகாட்டி மூலம் வீட்டை உறுதி செய்துகொள்ளுங்கள். கூரைக்குக் கீழே படுக்கப் போகிறவருக்கு 1.9 கிலோ ஸ்லீப்பிங் பேக்கும் தேவையில்லை. வீட்டார் கம்பளி தருவார்கள். உள்ளே போர்த்திக்கொள்ள இரண்டாக மடித்துத் தைத்த மெல்லிய விரிப்பு ஒன்று போதும்.

இந்த மூன்றும் போனாலே 6.4 கிலோ குறைந்துவிடும். உள்ளே வைப்பது குறைந்தால் அவ்வளவு பெரிய பையும் வேண்டாம். ஒரு கிலோவுக்குள் அடங்கும் 35 லிட்டர் பை தாராளமாகப் போதும். பையை மட்டும் முதலில் மாற்றாதீர்கள். சாமான்களைக் குறைத்துவிட்டு, எஞ்சியவை எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

உடை விஷயத்தில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கும்பக்கரை அடிவாரத்துக்கும் கொடைக்கானலுக்கும் இடையே ஏறத்தாழ 1,700 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி என்ற கணக்கில், கீழே 30 டிகிரி வெயிலில் வியர்த்து ஏறத் தொடங்குகிறவர் மேலே 19 டிகிரிக் காற்றில், அதுவும் நனைந்த சட்டையோடு, நிற்பார். பருத்தி பனியனும் ஜீன்ஸும் அந்த வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும் சாதாரண பாலியஸ்டர் டி-ஷர்ட் இரண்டு, விரைவில் உலரும் கால்சட்டை ஒன்று, மேலே போட ஒரு ஃப்ளீஸ் சட்டை, இரவுக்கென்று பைக்குள் நனையாமல் காத்த ஒரு முழு உடை, இவ்வளவுதான் வேண்டும். ஜனவரி இரவில் கொடைக்கானல் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். மன்னவனூர்ப் பள்ளத்தாக்கில் உறைபனியும் விழும். கம்பளித் தொப்பியையும் காலுறையையும் விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே 150 கிராம் வராது.

இன்னொன்று. வெள்ளகவிக்குள் ஊரார் செருப்பு அணிவதில்லை. ஊரையே கோயிலாகக் கருதுவதால் வெளியூரிலிருந்து வருகிறவர்களும் எல்லையிலேயே காலணியைக் கழற்றிவிடுவது மரபு. கணுக்கால் வரை கயிறு கட்டும் கனமான பூட்ஸைவிட, எளிதில் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளக்கூடிய, அடிப்பிடிப்பு நன்றாக உள்ள இலகுவான ஷூவே இந்தப் பாதைக்குப் பொருத்தம்.

சாப்பாட்டுக்கு அடுப்பே வேண்டாம். முதல் நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், மற்ற நேரத்துக்கு அவல், கடலைமிட்டாய், பேரீச்சை. நூறு கிராம் நிலக்கடலையில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. எடைக்கு அதைவிட ஆதாயமான உணவு நம் கடைகளில் அரிது.

குன்னூர் மழைக்காரன்:

மேலே உள்ளவர் சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் மழையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததால் எழுதுகிறேன்.

எடைக்குறைப்பில் ஆர்வம் வந்தவர்கள் முதலில் கைவைப்பது மழைக்காப்பில்தான். தண்ணீரும் உணவும் நீங்கலாக 4.5 கிலோவுக்குள் அடிப்படை எடை இருக்க வேண்டும் என்பது வெளிநாட்டு நடையர்கள் வைத்துக்கொண்ட ஓர் அளவுகோல். அதை எட்டுவதற்காக மழைக்கோட்டை விட்டுவிட்டு வருகிறவர்களை எங்கள் நீலகிரியில் பார்க்கிறேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்தது. அது தென்மேற்குப் பருவமழை; கொடைக்கானல் உள்ள பழனிமலைத் தொடருக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் மழையே முக்கியம் என்பதும், ஜனவரியில் ஓரளவு வெறித்திருக்கும் என்பதும் உண்மைதான். இருந்தாலும் மலையில் மாலை மூடுபனியே துணியை நனைத்துவிடும். நனைந்த உடம்பில் காற்று வீசினால் 10 டிகிரியிலேயே உடல் நடுங்கி, பேச்சுத் தடுமாறும் நிலை வரலாம்.

மழைக்காப்பு என்றால் பாஞ்சோ, அதாவது தலை வழியாக மாட்டும் தளர்வான மழைப் போர்வை, வாங்குங்கள். சாக்கை மடித்துத் தலைமேல் போட்டுக்கொள்ளும் கொங்காணியைப் போலத்தான் அதுவும்: மேலே தண்ணீரைத் தடுக்கும், கீழே காற்று நுழைய இடம் விடும், முதுகுப் பையையும் சேர்த்து மூடும். உடம்போடு ஒட்டும் மலிவான மழைக்கோட்டுக்குள் ஏற்றத்தில் வியர்த்தே நனைந்துவிடுவோம். 300 கிராமுக்குள் நல்ல பாஞ்சோ கிடைக்கிறது. தாங்கள் பணம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பையின் மேலுறையை முழுதும் நம்ப வேண்டாம். முதுகுப் பக்கத்தில் அது திறந்தே இருக்கும், தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். பைக்குள் தடிமனான பாலித்தீன் உறையை விரித்து, அதற்குள் இரவு உடையை வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். அந்த உறையைத் தவறாமல் கீழே திருப்பிக் கொண்டுவாருங்கள். காட்டுமாடும் யானையும் நடமாடும் பாதை என்பதால், மழை நின்றதும் பாஞ்சோவின் தலைமூடியைக் கழற்றிவிடுங்கள். அதை மாட்டியிருக்கும்போது பக்கத்தில் கிளை முறியும் ஓசைகூடக் காதில் விழாது.

தலைவிளக்கையும் விடக் கூடாது. கைப்பேசி விளக்கு அதற்கு ஈடாகாது. கை இரண்டும் ஓய்வாக இருந்தால்தான் செங்குத்துப் பாதையில் பிடித்து ஏற முடியும்.

வராகநதி:

இருவருக்கும் மிக்க நன்றி. கூடாரம், அடுப்பு, ஸ்லீப்பிங் பேக் மூன்றையும் எடுத்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் உள்ளன. மூன்று லிட்டர் தண்ணீரைக் குறைக்க வழி உண்டா? ஓடைத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாமா? மைத்துனருக்கு இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். அவருக்கு வட்டக்கானலிலிருந்து கீழே இறங்கி வருவதே எளிது என்று சிலர் சொல்கிறார்கள். பாதையின் திசையை மாற்றிக்கொள்ளலாமா?

தேனி செவிலி:

திசையை மாற்ற வேண்டாம், அண்ணா. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்; நின்று இளைப்பாறினால் சரியாகிவிடும். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடையும் பையின் எடையும் முழங்காலில் வந்து இறங்கும், தொடைத் தசை தளரத் தளர அந்தத் தாக்கம் கூடும். 1,700 மீட்டர் இறக்கம் வலி உள்ள முழங்காலுக்கு மிக அதிகம். ஏறிச் சென்று பேருந்தில் திரும்பும் தங்கள் திட்டமே அவருக்கு நல்லது. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து இறக்கங்களுக்காக ஊன்றுகோல் இரண்டு கொடுங்கள். இறங்கும்போது கோலின் நீளத்தைச் சற்றுக் கூட்டி, அடி வைப்பதற்கு முன் அதை ஊன்றப் பழக்குங்கள். காலணியின் எடையையும் பாருங்கள். காலில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் சுமக்கும் நான்கு முதல் ஆறு கிலோ அளவுக்கு ஆற்றலைத் தின்னும் என்று ராணுவ ஆய்வுகள் காட்டியுள்ளன.

தண்ணீரைப் பொறுத்தவரை, நுண்குழாய் வடிகட்டி (மிக நுண்ணிய குழாய்கள் வழியே நீரை வடிப்பது) பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் தடுக்கும், பூச்சிமருந்தைத் தடுக்காது. காப்பித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஓடையில் எடுக்காமல், வழிகாட்டி காட்டும் ஊற்றிலோ வெள்ளகவி வீடுகளிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். ஊர் வரைக்குமான ஏற்றத்துக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும், அதற்குக் கீழே குறைக்காதீர்கள். வீட்டில் கொதிக்கவைத்துத் தரச் சொன்னால், 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதால் கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் விடச் சொல்லுங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை இருப்பதால், எடை குறைந்த அலுமினியப் பாட்டில்களாக எடுத்துச் செல்லுங்கள். மன்னவனூரில் வடிகட்டியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். உள்ளே தங்கிய நீர் உறைந்தால் நுண்குழாய்கள் வெடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மருந்துப் பையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கட்டுத்துணி, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, மைத்துனர் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் இருந்தால் போதும். பொதுவான சாமான்களையும் கூடுதல் தண்ணீரையும் தாங்கள் எடுத்துக்கொண்டு, அவருடைய பை ஐந்து கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.