கான்கோர்ஸ்: கூடுதளமா, இடைத்தளமா, வழிக்கூடமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உயர்மட்ட மெட்ரோ நிலையத்தில் தெருவிலிருந்து நடைமேடைக்குப் போகும் வழியில் டிக்கெட் வாயில் இருக்கும் தளத்தைத்தான் ஆங்கிலத்தில் கான்கோர்ஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘கூடுதளம்’ என்று சொல்லலாம் என்ற யோசனை இங்கே வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே ஆட்கள் கூடி நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் வடிவமைப்பாளர்கள் பாடுபடுகிறார்கள். ரயில் நின்றதும் ஒரே வீச்சில் இறங்கிவரும் கூட்டம் டிக்கெட் வாயிலில் தடைபட்டால் நகரும் படிக்கட்டு காத்திருக்காது, பின்னால் வருகிறவர்களைக் கொண்டுவந்து முன்னால் நிற்பவர்கள் மேலேயே இடிக்கும். அதனால்தான் படிக்கட்டு முடியும் இடத்துக்கும் வாயிலுக்கும் நடுவே தாராளமாக இடம் விடுகிறார்கள்.

‘இடைத்தளம்’ பரவாயில்லை, தெருவுக்கும் நடைமேடைக்கும் இடையில் இருப்பதைச் சொல்கிறது. ஆனால் பாங்காக்கின் சியாம் நிலையத்தைப் பாருங்கள். அந்த நகரின் உயர்மட்ட ரயிலில் 1999இல் முதலில் திறந்த இரண்டு தடங்களும் அங்கே சந்திக்கின்றன, நடைமேடைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு, கான்கோர்ஸ் அவற்றுக்கும் கீழே. அங்கே இடைத்தளம் என்றால் கீழ் நடைமேடையையும்தானே சொல்லலாம்? தரைமட்டத்திலேயே கான்கோர்ஸ் வைத்துக் கட்டிய நிலையங்களும் உண்டு, அவற்றுக்கு ‘இடை’ சுத்தமாகப் பொருந்தாது.

சரி, அந்தத் தளம் செய்யும் வேலை என்ன? வழி பிரித்து அனுப்புவது. தண்டவாளங்களின் இருபுறமும் நடைமேடை இருந்தால் எந்தத் திசை ரயில் என்பதைப் பயணி கீழேயே முடிவு செய்தாக வேண்டும், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் படிக்கட்டு, தனி லிஃப்ட். நடுவில் ஒரே நடைமேடை என்றால் அந்த முடிவை மேலே போய் எடுக்கலாம் (பதிலுக்குத் தண்டவாளங்கள் விலகி நடைமேடைக்கு இடம் விட வேண்டும், நிலையத்தின் இரு முனையிலும் மேம்பாலம் அகலும்).

அதனால் என் பரிந்துரை ‘வழிக்கூடம்’. பெரிய ரயில் நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும்கூட ஒத்துவரும். டிக்கெட் வாயிலுக்கு உள்ளே இருப்பது ‘கட்டண வழிக்கூடம்’, வெளியே ‘பொது வழிக்கூடம்’ என்று பிரித்துவிடலாம். இந்தப் பொதுப் பகுதியை நாம் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது: சாலையின் இருபுறமும் படிக்கட்டு இறங்கினால் ரயில் ஏறாதவர்களும் வண்டிகளுக்கு நடுவே ஓடாமல் சாலையைக் கடக்கலாம், முதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! அந்த வேலையையும் ‘வழி’ சொல்லிவிடுகிறது.

அப்புறம், இதோடு இணையும் ஸ்கைவாக்குக்குப் புதுச்சொல் வேண்டாம் என்பேன், ‘ஆகாய நடைபாதை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.