2012 டோட்டல் ரீகால்: கண்ணுக்கு விருந்து, ஆனால் ஏன் மனதில் எதுவுமே நிற்கவில்லை?

இரவுக்காட்சி:

நேற்று 2012இல் வந்த 'டோட்டல் ரீகால்' போட்டேன். காலின் ஃபாரல், கேட் பெக்கின்சேல், ஜெசிகா பீல் நடித்தது. முதல்முறை பார்க்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபாரல் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துத் தன் உள்ளங்கையைக் கிழித்து, தோலுக்கடியில் பதித்திருக்கும் போனைப் பிடுங்குவார் இல்லையா, அங்கேதான் பொறி தட்டியது. அட, இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்! அதுவரை ஓடியது முழுக்க எனக்குப் புதுப்படமாகத்தான் இருந்தது.

படம் மோசம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகள், ஓயாத மழை, நியான் விளக்குகள், சாலைக்கு மேலேயும் அடியிலும் ஓடும் காந்தக் கார்கள், பக்கவாட்டிலும் பாயும் லிஃப்ட்களுக்குள் துரத்தல் என்று எதைப் பார்த்தாலும் உழைப்பு தெரிகிறது. பிரிட்டனையும் ஆஸ்திரேலியாவையும் பூமிக்குள்ளேயே இணைக்கிற 'தி ஃபால்' என்ற ராட்சத வண்டி வேறு. இவ்வளவு இருந்தும் ஏன் எதுவுமே ஒட்டவில்லை? என் ஞாபக சக்திதான் பிரச்சினையா? 1990இல் ஆர்னால்டு நடித்ததை நான் பார்த்ததில்லை. அது தேவலையா? 2012 படத்துக்கே ஒரு நீளமான பதிப்பு இருக்கிறதாமே, அதில் ஏதாவது மாறுகிறதா? கதையை வெளிப்படையாகவே பேசலாம், எனக்குப் பரவாயில்லை.

கடைசிவரிசை:

உங்கள் ஞாபக சக்தி நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் படத்தில் ஞாபகம் இருப்பதெல்லாம் கேமராவுக்குள் அடிக்கும் வெளிச்சம் மட்டும்தான். யாராவது கதவைத் திறந்தால்கூடத் திரையில் குறுக்கே ஒரு நீலக்கோடு.

நெகட்டிவ்:

நீங்கள் கேள்வியிலேயே பதிலையும் வைத்துவிட்டீர்கள். இவ்வளவு பிரம்மாண்டத்தில் உங்களுக்குப் பொறி தட்டியது உள்ளங்கையைக் கிழித்த இடத்தில். படம் முழுக்க ஹீரோவுக்கு நிஜமாக வலிக்கிற இடம் கிட்டத்தட்ட அது ஒன்றுதான். மற்ற இடங்களில் மாடியிலிருந்து விழுவார், கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுவார், எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு ஓடுவார். அவருக்கே ஒன்றும் ஆகாதபோது நமக்கு என்ன ஆகும்?

எதிரிகளையும் பாருங்கள். பெரும்பாலும் 'சிந்த்' என்ற வெள்ளை ரோபோ போலீஸ். இது பி.ஜி-13, அதாவது சிறுவர்களும் பார்க்கலாம் என்கிற அமெரிக்கச் சான்றிதழுக்காக எடுத்த படம். ரோபோவை எத்தனை தடவை சுட்டாலும் ரத்தம் வராது, சான்றிதழுக்கும் ஆபத்து வராது. 1990 படம் கடுமையான வன்முறைக்கு இடம் தரும் ஆர் சான்றிதழ். எஸ்கலேட்டரில் துப்பாக்கிச் சண்டை நடக்கும்போது, நடுவில் மாட்டிய அப்பாவி ஒருவரின் உடலையே ஆர்னால்டு கேடயமாகப் பிடித்துக்கொள்வார். பார்க்கவே கூசும். இயக்குநர் பால் வெர்ஹோவன் அப்படிக் கூச வைக்கத்தான் எடுத்தார். பிடிக்கிறதோ இல்லையோ, மறக்க முடியாது.

ஆனால் என் முக்கியமான புகார் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பற்றியது. இரண்டு படத்திலும் ரீகால் என்பது பொய் நினைவுகளை மூளையில் ஏற்றிவிடும் நிறுவனம், ஹீரோ அங்கே போன பிறகுதான் எல்லாம் ஆரம்பிக்கும். 1990 படத்தில் செவ்வாய் கிரகத்து ஹோட்டல் அறைக்கு ஒரு டாக்டர் வருவார். "இதெல்லாம் கனவு, நீ இன்னும் ரீகால் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாய், இந்த மாத்திரையை விழுங்கினால் எழுந்துவிடலாம்" என்பார். ரொம்ப நிதானமாக, நம்பும்படியாகப் பேசுவார். ஆர்னால்டு அவர் நெற்றியில் துப்பாக்கியை வைப்பார். அப்போது டாக்டர் முகத்தில் ஒரு வியர்வைத் துளி இறங்கும். கனவில் வருகிற ஆள் சாவுக்கு ஏன் பயப்படவேண்டும்? சுட்டுவிடுவார், மாத்திரையைத் துப்பிவிடுவார். பொய் சொல்கிறவன் உடம்பே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. இதில் அழகு என்னவென்றால், சாவதற்கு முன் டாக்டர் மிரட்டியவை பிறகு அப்படியே நடக்கும். அதனால் சந்தேகம் தீராது. கடைசியில் திரை கறுப்பாகாமல் வெள்ளையாக மறையும்.

2012இல் அதே காட்சியை வேறுமாதிரி செய்தார்கள். காதலி மெலினா (ஜெசிகா பீல்) பக்கத்தில் இருக்கும்போது தொழிற்சாலை நண்பன் ஹாரி வந்து, "இது கனவு, மெலினாவைச் சுட்டால் எழுந்துவிடுவாய்" என்கிறான். ஃபாரல் திணறுகிறார், மெலினாவின் கன்னத்தில் ஒரு கண்ணீர்த்துளி இறங்குவதைப் பார்க்கிறார், ஹாரியைச் சுடுகிறார். கண்ணீர் எதை நிரூபிக்கிறது? கனவில் வருகிற காதலியும்தான் அழுவாள்! ஹாரி பொய் சொல்கிறான் என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. துளி மட்டும் வந்துவிட்டது, அதன் வேலை வரவில்லை. மொத்தப் படமும் இப்படித்தான். பழைய படத்திலிருந்து பொருளை எடுத்துக்கொள்வார்கள், மெருகேற்றுவார்கள், அது ஏன் அங்கே இருந்தது என்று கேட்கமாட்டார்கள்.

எனக்கு ஆதங்கமான இன்னொரு விஷயம். ஃபாரலின் வேலை என்ன? தொழிற்சாலையில் அதே சிந்த் ரோபோக்களைப் பூட்டுவது. தினமும் 'காலனி' என்று பெயர் மாறிய ஆஸ்திரேலியாவிலிருந்து பூமிக்குள் இறங்கி பிரிட்டன் போய், நாளைக்குத் தன் ஊரை நசுக்கப்போகிற படையைத் தன் கையாலேயே செய்துவிட்டுத் திரும்புகிற தொழிலாளி! இதைவிட நல்ல முடிச்சு ஒரு திரைக்கதைக்கு எங்கே கிடைக்கும்? செவ்வாயைத் தூக்கிவிட்டு இதை வைத்தது நல்ல மாற்றம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அரைமணி நேரத்தில் அது காணாமல் போய், ஓட்டம் ஆரம்பித்துவிடுகிறது. முடிவில் தி ஃபால் அழிகிறது, எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அதில் ஏறி வேலைக்குப் போன லட்சக்கணக்கான பேர் மறுநாள் என்ன செய்வார்கள் என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

செட்டைக் குறை சொல்லமாட்டேன். கலை இயக்கம் பேட்ரிக் டாடோபவுலோஸ், கனடாவின் டொரண்டோவில் எடுத்தார்கள். ரீகால் அறையில் போலீஸ் கூட்டத்தை ஃபாரல் ஒரே வீச்சில் அடித்துப் போடுவது போலக் கேமரா சுழன்று சுழன்று வரும் சண்டை உண்மையிலேயே நன்றாக இருக்கும். 12.5 கோடி டாலர் செலவு எங்கே போனது என்று திரையில் தெரிகிறது.

நியூட்டன்_பேரன்:

தி ஃபால் பற்றிப் பேச்சு வந்ததால் சும்மா இருக்க முடியவில்லை. படத்தில் பயண நேரம் 17 நிமிடம். காற்றும் உராய்வும் இல்லாத சுரங்கத்தை பூமியின் நடுவழியே தோண்டிச் சும்மா விழுந்தால் மறுபக்கம் போய்ச்சேர 42 நிமிடம் ஆகும். இது பூமியின் அடர்த்தி எங்கும் ஒன்றுபோல என்று வைத்துப் போட்ட கணக்கு. உள்ளே போகப்போக அடர்த்தி கூடுவதைச் சேர்த்தால் 38. இன்னொரு வேடிக்கை, சீரான அடர்த்திக் கணக்கில் மையத்தைத் தொடாமல் எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில் நேர்கோடாகத் தோண்டினாலும் அதே 42தான்.

17 நிமிடத்தில் போகவேண்டும் என்றால் விழுந்தால் மட்டும் போதாது, கீழ்நோக்கித் தள்ளவும் வேண்டும். தோராயமாகப் போட்டுப் பார்த்தேன், பாதிவழிவரை ஈர்ப்பைப்போல 5 மடங்கு முடுக்கம். அப்படியானால் பயணிகள் நாற்காலியில் உட்கார மாட்டார்கள், கூரையில் அப்பிக்கொள்வார்கள். படத்திலோ எல்லாரும் சாதாரணமாக உட்கார்ந்து பேசிக்கொண்டு வருகிறார்கள், நடுவில் கொஞ்ச நேரம் மட்டும் எடையில்லாமல் மிதக்கிறார்கள். தானாக விழும் வண்டியென்றால் புறப்பட்டதிலிருந்தே மிதக்கவேண்டும்.

நெகட்டிவ்:

கூரையில் அப்பிக்கொண்டு வேலைக்குப் போகிற தொழிலாளிகள்! வெர்ஹோவனிடம் இதைச் சொல்லியிருந்தால் அப்படியே எடுத்திருப்பார். 1990 படத்தில் ஜானி கேப் என்று ஒரு ரோபோ டாக்சி டிரைவர் வருவான், சொன்னது புரியாமல் அசட்டுச் சிரிப்பு சிரிப்பான். புதுப்படத்தில் அந்தக் கிறுக்குத்தனம் துளியும் இல்லை.

இரவுக்காட்சி:

அந்த வியர்வை, கண்ணீர் விஷயம் சுரீர் என்று பட்டது. உடனே அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான். அப்புறம், அந்த நீளமான பதிப்பு?

நெகட்டிவ்:

பார்க்கலாம், அவசரமில்லை. அதில் ஹீரோவின் பழைய முகம் வேறு. முகத்தை மாற்றுவதற்கு முன்னால் இருந்த ஆளாக ஈதன் ஹாக் வருகிறார், திரையரங்குப் பதிப்பில் அவரை வெட்டிவிட்டார்கள். கடைசிக் காட்சியில் ஃபாரல் கையில் ரீகால் குத்திய குறி இருந்த இடத்தில் கட்டைப் பிரிப்பார், அங்கே குறி இருக்காது. அப்படியானால் நடந்ததெல்லாம் கனவோ என்ற கேள்வி எழும். ஆனால் அதுவரை படம் அந்தச் சந்தேகத்தை நமக்குள் வளர்க்கவே இல்லை, ஆகவே கடைசி நிமிடத்தில் கொண்டுவந்து கையில் கொடுத்தால் என்ன செய்வது?

1990ஐ முதலில் பாருங்கள். மூலக்கதையும் கிடைத்தால் படியுங்கள், 1966இல் ஃபிலிப் கே. டிக் எழுதிய சிறுகதை, ஒரே மூச்சில் முடிந்துவிடும். இரண்டு படங்களும் போன பாதையில் அது போகாது.

இரவுக்காட்சி:

சரி, இன்றிரவு ஆர்னால்டு. லிஃப்ட் துரத்தலை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு.