ஒரே ஒரு டேப்பட் மட்டும் லூஸாகிக்கொண்டே போகிறது: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கேட்டவர்

நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். வால்வைத் திறக்கும் முட்டை வடிவ மேடுகள் (லோப்) கொண்ட கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கும் பழைய வகை. ஒவ்வொரு லோபும் தன்மேல் நிற்கும் டேப்பட் என்ற குட்டி உருளையைத் தூக்கும், அது புஷ் ராட் என்ற கம்பியைத் தள்ளும், கம்பி மேலே ராக்கர் என்ற நெம்புகோலைச் சாய்த்து வால்வைத் திறக்கும். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் டக் டக் என்று அடிக்கிறது. ஃபில்லர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்து ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்தால் அடங்கும். கொஞ்ச நாள் ஓடினால் மறுபடி அதே சத்தம். மற்ற ஏழும் வைத்த அளவிலேயே நிற்கின்றன. லாக் நட் இறுக்கமாகத்தான் இருக்கிறது. அவ்வப்போது கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது. கம்ப்ரஷன் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் "கேம் போச்சு, மாத்திடுங்க" என்கிறார்கள். அதற்கு முன் வேறு என்ன பார்க்கலாம்?

லேத் வேலை செய்பவர்

எட்டில் ஒன்று மட்டும் என்பதே பெரிய துப்பு. ஆயில் மோசம், பம்ப் பலவீனம் என்றால் அது ஒன்றோடு நிற்காது. மற்றவற்றிலும் கொஞ்சமாவது தெரியும்.

கேம் மூக்கு, அதாவது லோபின் உச்சி, தேய்ந்தால் இடைவெளி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. நாம் இடைவெளி பார்ப்பது டேப்பட் கேமின் முதுகுப் பக்கம், அதாவது மேடில்லாத வட்டப் பகுதியில், இறங்கி நிற்கும்போது. மூக்கு பாதி கரைந்திருந்தாலும் கேஜ் அதே அளவைத்தான் காட்டும். என்னிடம் வந்த ஓர் இன்ஜினில் இடைவெளி எல்லாம் கச்சிதம், சத்தம் துளியும் இல்லை, ஆனால் வண்டி மேட்டில் இழுக்கவே இல்லை. டயல் கேஜ் (நகர்வை அளக்கும் கடிகார முகக் கருவி) வைத்து இன்ஜினைக் கையால் சுற்றிய பிறகுதான் ஒரு வால்வு பாதி அளவே திறக்கிறது என்று தெரிந்தது.

உங்களுக்கு இடைவெளி கூடுகிறது. அப்படியானால் ராக்கர் முனை, வால்வு தண்டின் தலை, புஷ் ராடின் இரண்டு முனைகள், டேப்பட்டின் அடி, இவற்றில் ஏதோ ஒன்று கரைந்துகொண்டிருக்கிறது. கூடவே தும்மலும் இருக்கிறதே, அதையும் கணக்கில் எடுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு சரியாகத் திறக்காவிட்டால் எரிந்த புகை முழுதாக வெளியேறாது. இன்டேக் திறந்ததும் மிச்சம் அந்த வழியாகத் திரும்பி வரும். கம்ப்ரஷன் நடக்கும்போது எக்ஸாஸ்ட் மூடித்தானே இருக்கிறது, அதனால் கம்ப்ரஷன் கேஜில் குறை தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கேமும் டேப்பட்டும் ஒன்றையொன்று தின்கின்றன என்றுதான் எனக்குப் படுகிறது.

டயல் கேஜின் முனையை அந்தப் புஷ் ராட் மேல் நிறுத்தி, எவ்வளவு தூக்குகிறது என்று அளந்து, மற்ற மூன்று எக்ஸாஸ்டோடு ஒப்பிடுங்கள். கழற்றும்போது ஒரு அட்டையில் துளை போட்டு எண் எழுதி, புஷ் ராடுகளை வரிசைப்படி குத்தி வையுங்கள். முக்கியமாக, பார்ப்பதற்கு முன் எதையும் துடைக்காதீர்கள். எந்த ராக்கர் காய்ந்திருந்தது, எதில் ஆயில் வழிந்தது என்பதெல்லாம் ஒரு துணி துடைப்பில் போய்விடும்.

பைக் மெக்கானிக்

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ராக்கர் முனையில் பள்ளம் விழுந்திருந்தால் கேஜ் பள்ளத்தின் இரு கரைமேல் பாலம் மாதிரி உட்கார்ந்துவிடும். கேஜ் சரி என்று சொல்லும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். "செட் பண்ணியும் சத்தம் போகல" என்று வருகிற வண்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன்.

இப்போதைய பைக்குகளில் பெரும்பாலும் கேம் மேலே ஹெட்டில் இருக்கிறது, கதை கொஞ்சம் வேறு. ஒரு வண்டியில் கேம் லோபும் ராக்கர் முகமும் தேய்ந்து புதிது போட்டிருக்கிறார்கள், சீக்கிரமே அதுவும் போய்விட்டது. பார்த்தால், முன்பு வேலை செய்த யாரோ கேஸ்கெட்டோடு சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவியிருக்கிறார். உள்ளே பிதுங்கிய துண்டு உடைந்து, ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துளையில் அடைத்து நின்றது. அதை எடுக்காமல் எத்தனை கேம் போட்டாலும் ஒன்றுதான்.

தேய்மானத்தின் முகத்தையும் பாருங்கள். இழுத்த கோடுகளும் நீலம் பாய்ந்த நிறமும் இருந்தால் ஆயில் போய்ச்சேரவில்லை. செதில் செதிலாகப் பெயர்ந்து, ஓரம் கூர்மையாகக் குழி இருந்தால் உலோகம் களைத்துவிட்டது. ஸ்பிரிங் அழுத்தம் அதிகமா, மேற்பரப்பின் கடினம் போய்விட்டதா என்று தேட வேண்டும். நிறைய நாள் ஓடாமல் நின்ற வண்டியில் ஈரம் பட்டுத் துருப்புள்ளி விழும், பிறகு அந்த இடமே பெயரும்.

வால்வு, ஹெட் வேலை செய்பவர்

சத்தம் போடுகிற இன்ஜினாவது நல்லது, எச்சரிக்கிறது. வால்வு மூடும்போது உட்காரும் சீட் உள்ளே அமுங்கினால் வால்வு மேலே ஏறி இடைவெளி குறையும். சத்தமே வராது, கடைசியில் வால்வு மூடாமல் எரியும். கேஸில் ஓட்டுகிற பழைய இன்ஜின்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிமுகத்தைச் சீவிச் சமன்படுத்துவது) செய்திருந்தால் வால்வு தண்டின் தலையில் ராக்கர் உரசிய தடத்தையும் பாருங்கள். நடுவில் ஒடுக்கமாக இருந்தால் சரி. ஓரத்துக்குத் தள்ளி அகலமாக இருந்தால் புஷ் ராட் நீளம் இப்போது பொருந்தவில்லை. அது வால்வு தண்டு ஓடும் கைடையும் சேர்த்துத் தேய்க்கும்.

கேட்டவர்

கழற்றிவிட்டேன். ராக்கர் முனை நன்றாக இருக்கிறது, தண்டின் தலையில் தடம் நடுவில்தான். ஆனால் அந்த லோப் தூக்கும் அளவு மற்றதைவிட நன்றாகவே குறைவு. டேப்பட்டை எடுத்தால் அடிமுகம் கிண்ணம் போல் குழிந்திருக்கிறது. மற்ற டேப்பட்டுகளில் வட்டமாக மெல்லிய தடம். இதில் மட்டும் குறுக்கே ஒரு பட்டை. அது ஏறி இறங்கும் ஓட்டையிலும் பழுப்பாக ஏதோ பிசின் போல் பிடித்திருக்கிறது, கையால் சுற்றினால் சிக்குகிறது.

லேத் வேலை செய்பவர்

அந்தப் பட்டைதான் பதில். டேப்பட்டின் அடி தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் மிகச் சிறிதாக, சுமார் 0.05 மி.மீ. அளவுக்குப் புடைத்திருக்கும். லோபும் லேசாகச் சரிவாகக் கடையப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்துதான் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் டேப்பட்டைக் கொஞ்சம் சுழற்றும். சுழன்றால் வட்டத் தடம், நின்றுவிட்டால் ஒரே இடத்தில் அறுக்கும். உங்களுடையது பிசினில் சிக்கி நின்றுவிட்டது.

கேம் மாற்றத்தான் வேண்டும், அந்த வரைக்கும் அவர்கள் சொன்னது சரி. ஆனால் கேம் மட்டும் போட்டிருந்தால் அதே ஓட்டையில் அதே டேப்பட் புதியதையும் அறுத்திருக்கும். எட்டு டேப்பட்டும் புதிதாகப் போடுங்கள். பழைய டேப்பட்டும் புதுக் கேமும் சேராது. ஓட்டைகளைச் சுத்தம் செய்து ஒவ்வொன்றும் தன் எடையில் இறங்குகிறதா, விரலால் சுழல்கிறதா என்று பாருங்கள். அடியிலும் லோபிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றி இறக்கி 20 நிமிடமாவது ஓட்டுங்கள். லோபுக்குக் கிராங்க் தெறிக்கும் ஆயில்தான் ஆதாரம், ஐடிலில் அது போதாது. மூக்கின்மேல் ஸ்பிரிங் அழுத்தமும் குறைந்த வேகத்தில்தான் அதிகம். ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக பாஸ்பரஸ் கலவை போதுமா என்று கேட்டு வாங்குங்கள். புதிய கார்களுக்கான ஆயில்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக அதைக் குறைத்திருக்கிறார்கள்.

அப்புறம், கரைந்த இரும்பு எல்லாம் ஆயிலில்தான் போயிருக்கிறது. பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளில் காந்தம் வைத்துப் பாருங்கள். நிறைய ஒட்டினால் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி பேரிங் ஒன்றிரண்டைக் கழற்றிப் பார்க்காமல் மூட வேண்டாம்.